எண்ணெய் குடிக்காத கார்

ஜெயராணியின் அடுப்படித் தட்டில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் எஞ்சின் ஒயில் கேன் ஒன்றும் இருந்தது. புதிதாக வருகிற பெண்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். ஜிந்துப்பிட்டியில் அந்த ஒழுங்கைக்குள் எல்லா வீடுகளும் இரண்டு அறைதான். எதை எங்கே வைப்பது என்று யோசிக்கிற வசதி யாருக்கும் இல்லை. மகன் திலக்ஷனின் கட்டிலுக்கடியில் பழைய பிஸ்டன்கள் கிடந்தன. முருகன் படத்துக்குக் கீழே ஆணியில் கார்ச் சாவி தொங்கியது. அவள் புருஷன் வேலுசாமிக்கு அந்த வீட்டில் மிஞ்சிய இடம் ஒரு சாய்வு நாற்காலியும் அதற்கு எதிரே ஒரு டீவியும்.

கார் ஒழுங்கையின் வாயில் மதிலோடு ஒட்டி நிற்கும். இரண்டே கதவு, தரையோடு தாழ்ந்த உடம்பு, ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்தது. திலக்ஷன் அதன் எஞ்சினைக் கழற்றிப் பெரிய எஞ்சின் பூட்டினான். அது போதாதென்று பஞ்சிகாவத்தை பழைய சாமான் கடைகளில் தேடித் திரிந்து எஞ்சினின் வேகத்தைக் கூட்டும் ஒரு டேர்போவையும் பூட்டினான். ஸ்டார்ட் பண்ணினால் கோயில் மணிச் சத்தம் கேட்காது. அவ்வளவு சத்தம் போடுகிற வண்டியின் பின் இருக்கையில் காலையில் ஏறுவது என்னவோ இடியப்பக் கூடைகள்தான். ஜெயராணி விடியுமுன் அவித்து அடுக்குகிற சிவப்பரிசி மா இடியப்பம், வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடைக்குப் போகும். திலக்ஷன் வேலை செய்யும் கராஜும் வெள்ளவத்தையில்தான் என்பதால் அவனே கொண்டுபோய் இறக்கிவிடுவான். கடையில் சம்பல் வாடையோடு அந்தக் கார் வந்து நிற்பதைப் பார்க்கவே ஒரு கூட்டம் உண்டு.

அந்தக் கார் எண்ணெய் குடித்தது. நிலத்தில் ஒரு சொட்டு ஒழுகாது. எல்லாம் உள்ளே எரிந்து நீலப் புகையாகப் போனது. பெற்றோலைப் போல எஞ்சின் ஒயிலும் அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தது. மகனுக்குக் காலையில் நேரமில்லை. ஆகவே பொனட்டை எப்படித் தூக்குவது, ஒயில் அளவு பார்க்கும் கம்பியை எப்படி உருவித் துணியால் துடைத்து மறுபடி விட்டு எடுப்பது என்று அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தான். கம்பியில் இரண்டு கோடு. மேல் கோட்டில் நின்றால் நிறைவு. கீழ் கோட்டுக்குக் கீழே இறங்கினால் எஞ்சின் செத்துவிடும். ஜெயராணிக்கு அது விளங்கச் சிரமமாக இல்லை. இடியப்பச் சட்டியில் தண்ணீர் வற்றுவதைப் பார்க்கிறவளுக்கு இதைப் பார்ப்பது பெரிய காரியமா? முதல் தட்டு ஆவியில் இருக்கும்போது வெளியே போய், கம்பியைப் பார்த்து, குறைந்ததை ஊற்றிவிட்டு வருவாள். பிளேன்டீ குடிக்கிற கண்ணாடிக் கிளாஸ் ஒன்றை அதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் இது நடந்தது.

வேலுசாமி அந்தக் காரைத் தொட்டதில்லை. மகனோடு கதைத்து அந்த ஒரு வருஷத்தைவிட அதிக காலம். அவர் ஆயுள் முழுக்கத் துறைமுகத்தில் கப்பல் சரக்குத் தூக்கும் வின்ச் இயக்கியவர், அதில் பாதி இராத்திரி வேலை. ஓய்வு பெறுமுன் அவரையும் இவரையும் பிடித்து மகனுக்குக் கொள்கலன் யார்டில் ஒரு இடம் வாங்கிக் கொடுத்தார். அதுவும் இராத்திரி ஷிப்ட். திலக்ஷன் சில மாதம் போனான். பிறகு ஒருநாள் பாதி ஷிப்டில் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நடந்து வந்துவிட்டான். காரணம் கேட்டதற்கு, அங்கே தான் செய்கிற எதுவும் தன் கையால் செய்ததாகத் தெரியவில்லை என்றான். வேலுசாமிக்கு அது திமிராகப்பட்டது. அன்றோடு பேச்சு நின்றது. சோறு போடு என்றாலும், டீவியைக் குறை என்றாலும் ஜெயராணியின் வழியாகத்தான் போகும், வரும்.

கட்டாரில் ஒரு கராஜ் திலக்ஷனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவனோடு வேலை பழகிய சூசைதாசன் அங்கே போய்ச் சேர்ந்து, பெரிய பெரிய கார்களின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு படம் அனுப்புவான். திலக்ஷன் படங்களைப் பார்ப்பான், பதில் போடமாட்டான். அவனுக்கு இங்கேயே இருக்கத்தான் ஆசை. அதற்கு வழி ஜனாவிடம் இருந்தது.

ஜனா வெள்ளவத்தையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை. கடைக்குப் பின்னால், கராஜ் போடத் தோதாக, கூரை போட்ட ஒரு வெறும் இடம் கிடந்தது. அவனிடமும் வேகக் கார் இருந்தது, அவனுடைய கூட்டாளிகளிடமும் இருந்தது. இந்த நாட்டில் புதுக் கார் இறக்குவது கனவாகிப் போன காலத்தில் எல்லோரும் பழைய எஞ்சினைத்தான் உயிர்ப்பித்துக்கொண்டிருந்தார்கள். நம்பிக் கொடுக்க ஒரு கை வேண்டும். ஒருநாள் ஜனா ஜிந்துப்பிட்டிக்கே வந்து, கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, ஜெயராணி கொடுத்த இடியப்பத்தையும் சொதியையும் சாப்பிட்டுக்கொண்டு சொன்னான்.

“மச்சான், உன்ர வேலையில எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா உன்ர காரே எண்ணெய் குடிச்சுக்கொண்டு திரிஞ்சால் ஆர் உன்னட்டக் கார் தருவினம்? முதல்ல இதைச் செய். ஒரு மாசம் ஓட்டு. ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. கம்பி இறங்கேல்லையெண்டால் பின்னாலை இருக்கிற இடம் உனக்குத்தான்.”

“இறங்கினா?” என்று கேட்டது ஜெயராணி.

“இறங்கினால் கட்டாருக்குப் போகட்டும் அன்ரி. அங்க ஒயில் மலிவு.”

எல்லோரும் சிரித்தார்கள். திலக்ஷனும் சிரித்தான். ஜெயராணி சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

அவன் எஞ்சினைக் கழற்றிப் பிரித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுங்கை வாயில் தார்ப்பாய் கட்டி, அதற்குக் கீழே ஒவ்வொரு சாமானாக மண்ணெண்ணெயில் கழுவி, பழைய சேலைத் துணியில் துடைத்து அடுக்கினான். பிஸ்டன் வளையங்கள் புதிது போட்டான். ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தடவி, கண்ணுக்குக் கிட்டே பிடித்து, திருப்தி வராவிட்டால் கழற்றி மறுபடி போட்டான். அவன் அப்படி வேலை செய்யும்போது ஜெயராணி தேத்தண்ணியோடு போய்ப் பக்கத்தில் நிற்பாள். அவன் கவனிக்கமாட்டான். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிவிடும். டேர்போவை மட்டும் அவன் திறக்கவில்லை. அது நன்றாகச் சுழன்றது, நன்றாகச் சுழல்வதை ஏன் கிண்ட வேண்டும் என்று அப்படியே பூட்டிவிட்டான்.

எஞ்சின் பூட்டி முடிந்ததும் மேல் கோடு வரை ஒயில் ஊற்றினான். மிச்சத்தை அடுப்படித் தட்டில் வைத்தான். இனி நீ பார்க்க வேண்டாம் அம்மா, உனக்கு அந்த வேலை முடிந்தது என்றான்.

ஒரு வருஷப் பழக்கம் ஒரு சொல்லில் போகாது. அந்த வாரமே ஒருநாள் முதல் தட்டை ஆவியில் வைத்துவிட்டு அவள் கால் தன்பாட்டில் வெளியே போனது. சும்மா பார்க்கலாம் என்றுதான் கம்பியை உருவினாள். ஒயில் மேல் கோட்டில் இல்லை. நடுவுக்குக் கிட்டே இறங்கியிருந்தது.

அவள் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தாள். அதே இடம்.

அவனை எழுப்பியிருக்கலாம். மின்விசிறிக்குக் கீழே குப்புறப் படுத்துக் கிடந்தான், எழுப்பினால் எழும்பியிருப்பான். ஆனால் ஜெயராணியின் மனதில் ஓடியது ஒரு படம்தான். விமான நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகிற பிள்ளையின் முதுகு. ஒழுங்கையில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளின் முதுகை அப்படி வழியனுப்பப் போய்ப் பார்த்திருக்கிறாள். போன பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு தரம் தொலைபேசியில் சாப்பிட்டாயா என்று கேட்கும். பிறகு அதுவும் குறையும். அவள் உள்ளே போய்க் கிளாஸை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் பார்த்தாள், தினமும் ஊற்றினாள். பசித்திருக்கிறதைப் பார்த்தும் கொடுக்காமல் விட அவளுக்குத் தெரியாது. கேன் முடிந்தபோது கொட்டாஞ்சேனைச் சந்தியில் ஒரு கடையில் அதே ஒயிலை வாங்கி, பழைய கேனிலேயே நிரப்பி, முன்பு இருந்த அளவுக்கு வைத்தாள். கேனும் இறங்காதது போல இருந்தது, கம்பியும் இறங்காதது போல இருந்தது.

புகையை மட்டும் அவளால் நிரப்ப முடியவில்லை. திலக்ஷன் ஒழுங்கை வாயைத் தாண்டி வேகம் எடுக்கும்போது பின்னால் நீலமாக ஒரு கொத்து கிளம்பி மதிலோரம் நிற்கும். ஓட்டுகிறவனுக்கு அது தெரியாது. வாசலில் நிற்கிறவளுக்குத் தெரியும். முச்சந்தியில் த்ரீவீல் போட்டிருக்கும் பேர்னாட்டுக்கும் தெரிந்தது.

“அக்கா, உங்க மகன் காலங்காத்தால நுளம்புக்கு மருந்து அடிக்கிறானா?”

“மழை ஈரம் அது. ஒன்ட வேலைய பாரு பேர்னாட்.”

“ஈரம் வெள்ளையா போகும் அக்கா. இது நீலம்.”

அடுத்த நாளிலிருந்து பேர்னாட்டுக்கு ஒரு இடியப்பப் பார்சல் போனது, கட்டச் சம்பலோடு. பேர்னாட் கெட்டவன் இல்லை. சாப்பாடு எதற்கு வருகிறது என்று விளங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டான்.

வேலுசாமிக்குத் தெரிந்திருந்ததா என்பது அவளுக்கு நிச்சயமில்லை. ஒரு காலை அவள் கிளாஸோடு உள்ளே வந்தபோது அவர் நாற்காலியில் விழித்தபடி இருந்தார். இராத்திரி வேலை செய்து பழகிய உடம்பு, இப்போதும் விடியற்காலைதான் அவருக்கு விழிப்பு. கிளாஸைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். தேத்தண்ணி கேட்டார். அவ்வளவுதான்.

மாதம் முடிந்தது. திலக்ஷன் கராஜில் வைத்து ஜனாவுக்கு முன்னால் கம்பியை உருவினான். மேல் கோடு. அன்று மாலை வீட்டுக்கு வந்தவன் கதவைத் தாண்டும்போதே அம்மாவைக் கூப்பிட்டுக் கம்பி துடைத்த துணியைக் காட்டினான். அதில் ஒயில் தேன் நிறத்தில் இருந்தது.

“பாரு. ஒரு மாசம் ஓடியும் கறுக்கவே இல்லம்மா. உள்ளுக்கு அவ்வளவு சுத்தம். ஜனா நம்பவே இல்ல.”

ஒவ்வொரு நாளும் புது ஒயில் போய்க் கலந்தால் எப்படிக் கறுக்கும்? அவள் துணியைப் பார்த்துக்கொண்டு, சாப்பிடுறியா என்று கேட்டாள். அவன் சாய்வு நாற்காலிப் பக்கமும் ஒருமுறை பார்த்தான். வேலுசாமி டீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என்றாலும் சத்தத்தைக் குறைத்தார். அதைத் திலக்ஷன் கவனித்தான் என்பதை ஜெயராணி கவனித்தாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஜனாவும் அவனும் ஹைவேயில் மாத்தறை வரை போய் வருவதாகத் திட்டம். ஜனாவின் கூட்டாளிகள் இரண்டு காரில் கூட வருவார்கள். வந்ததும் இடத்தின் சாவியைக் கொடுப்பதாகப் பேச்சு. மாத்தறை எவ்வளவு தூரம் என்று அவள் கேட்டாள். அவன் சொன்னான். வேகமாகப் போவீர்களா என்று கேட்டாள். ஹைவே அம்மா, பின்னே தள்ளிக்கொண்டா போவது என்றான்.

வேகமாக ஓடின நாளில் கார் கூடுதலாகக் குடிக்கும் என்பதைக் கிளாஸ் அவளுக்குச் சொல்லியிருந்தது. ஒரு தடவை அவன் சவாரியாக ஹெந்தளை வரை போய் வந்த மறுநாள் இரண்டு கிளாஸ் தேவைப்பட்டது. மாத்தறைக்கு எத்தனை கிளாஸ் என்று கணக்குப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறு காலை மேல் கோட்டுக்குச் சற்று மேலேயே ஊற்றினாள். வழிச் சாப்பாடு கட்டினாள். பையின் அடியில் ஒயில் கேனை வைத்து அதன்மேல் பார்சல்களை அடுக்கினாள். திலக்ஷன் பையைத் தூக்கியதும் பாரம் தெரிந்து உள்ளே பார்த்தான்.

“இது என்னா?”

“வழியில நிப்பாட்டி ஒருக்கா பாரு. குறைஞ்சா ஊத்திக்க.”

அவன் சிரித்தான். அப்படி வாய்விட்டுச் சிரித்து நெடுநாளாயிற்று. “குடிக்காத காருக்கு ஒயில் கட்டிக் குடுக்குற ஒரே அம்மா நீதான். ஜனா கண்டா என்னா நெனைப்பான்?”

“கண்டா காணட்டும். கொண்டு போ.”

“என் வேலை மேல உனக்கு நம்பிக்கை இல்லியா?”

இந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரே ஒரு உண்மையான பதில் இருந்தது. அதைச் சொல்ல வாய் திறந்தபோது ஒழுங்கைக்கு வெளியே ஜனாவின் ஹோர்ன் கேட்டது. திலக்ஷன் கேனை எடுத்துத் தட்டில் தேங்காய் எண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

பின்னேரம் மழை பிடித்தது. இருட்ட முன் ஒரு தூக்கு லொறியின் முதுகில் கார் வந்து இறங்கியது. திலக்ஷன் லொறியின் முன் ஆசனத்திலிருந்து குதித்து, டிரைவரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லி, தன் கையாலேயே காரைத் தள்ளி மதிலோரம் விட்டான். பேர்னாட்டும் வந்து தள்ளினான். ஜனா வரவில்லை.

நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் அவள் தெரிந்துகொண்டாள். திரும்பி வரும் வழியில் ஒயில் குறைவதைக் காட்டும் விளக்கு சிவப்பாக எரிந்திருக்கிறது. ஒரு மாதம் அசையாத ஒயில், எங்கே போகும்? விளக்கின் வயரில்தான் பிழை என்று திலக்ஷன் நினைத்தான், நிறுத்தவில்லை. கொஞ்ச தூரத்தில் எஞ்சினுக்குள் சுத்தியல் அடிப்பது போலச் சத்தம் வந்தது. பிறகு ஒரு இரும்பு எஞ்சினின் விலாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. சக்கரம் இறுகிப்போய்க் கார் சறுக்கியதில் பின்னால் வந்த பஸ் மயிரிழையில் விலகிப் போயிருக்கிறது. மழையில் ரோட்டோரம் நின்றுகொண்டு ஜனா கம்பியை உருவினான். கம்பி காய்ந்திருந்தது. கூட்டாளிகளுக்கு முன்னால் வைத்தே கேட்டுவிட்டான்.

“நீ ஊத்தியிருக்கிறாய் மச்சான். மாசம் முழுக்கக் களவா ஊத்தியிருக்கிறாய். ஒயில் புதுசா மினுங்கேக்கையே எனக்கு விளங்கியிருக்க வேணும்.”

திலக்ஷன் இல்லை என்று ஒரு தரம் சொன்னானாம். இரண்டாவது தரம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவன் கராஜுக்குப் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. இடியப்பக் கூடைகளை ஜெயராணி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனாள். சைவக் கடைக்காரர் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வெள்ளவத்தையில் கதை பரவியிருந்தது.

அவள் எதிர்பார்த்தது கோபத்தை. அவன் சாமான்களைத் தூக்கி எறிவான், ஜனாவைத் திட்டுவான், கட்டாருக்குப் போகிறேன் என்பான் என்று பயந்துகொண்டிருந்தாள். அவன் மழைக்குள் தார்ப்பாயின் கீழ் குந்தியிருந்து உடைந்த எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பியை உருவி, துடைத்து, கோடுகளைப் பார்த்தான். கம்பியே வேறு எஞ்சினின் கம்பியோ என்று நீளம் பார்த்தான். இல்லை. வளையங்களைத் தலைகீழாகப் போட்டுவிட்டேனோ என்று கேட்டான். அவளிடம் கேட்டானா, தனக்குள் கேட்டானா தெரியாது. கடைசியில் வந்து அவளுக்குப் பக்கத்தில், மா அரிக்கிற இடத்தில், தரையில் உட்கார்ந்தான்.

“எனக்குத் தெரியலம்மா. எங்க பிழை விட்டேன்னு தெரியல. பிழை தெரிஞ்சா திருத்தலாம். இது எனக்குத் தெரியவே இல்ல. எனக்கு இந்த வேலை வராது போல.”

வேலுசாமி துறைமுகத்துப் பக்கம் போய் வந்தார். பழைய ஆட்கள் சிலர் இன்னும் இருந்தார்கள். யார்டில் இராத்திரி ஷிப்டுக்கு ஆள் எடுக்கிறார்கள், அவனை வரச் சொல் என்று ஜெயராணியிடம் சொன்னார். குரலில் வெற்றி எதுவும் இல்லை. மகனுக்காக யாரிடமோ மறுபடி பல்லிளித்துவிட்டு வந்த களைப்புத்தான் இருந்தது. அவள் மகனிடம் சொன்னாள். அவன் சரி என்றான்.

சரி என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்க் கை கழுவினான். சவர்க்காரத் தூளும் சீனியும் போட்டுத் தேய்த்தான், பழைய பல் தூரிகையால் நகக்கண்ணைக் கிளறினான். வெகு நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வந்து சாப்பிட உட்கார்ந்தபோது ஜெயராணி சோறு போட்டாள், பருப்பும் நெத்தலிப் பொரியலும் வைத்தாள். அவன் பிசையத் தொடங்கியதும் அந்தக் கையைப் பார்த்தாள். நகங்கள் வெள்ளையாக இருந்தன. பள்ளிக்கூடம் விட்ட பிறகு அந்த நகங்களை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. யாரோ வேறு ஆளின் கையை அவன் மணிக்கட்டில் பொருத்திவிட்டது போல இருந்தது.

அவள் கேட்டதெல்லாம் கிடைத்திருந்தது. பிள்ளை வீட்டில் இருந்தான். எங்கேயும் போகமாட்டான். நாளை முதல் இராத்திரி போய்க் காலையில் வருவான், பகலில் தூங்குவான், கொஞ்ச காலத்தில் இன்னொரு சாய்வு நாற்காலி வாங்க வேண்டிவரும். அவள் வாய் திறக்காமல் இருந்தால் போதும்.

“நான்தான் ஊத்தினேன்,” என்றாள்.

“என்னத்த?”

“ஒயில. மொத கிழமையில இருந்தே. நீ தூங்குற நேரம்.”

அவன் கை சோற்றில் நின்றது. அவள் அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். பார்வையில் கோபம் இருந்ததா என்று கண்டுபிடிக்குமுன் கேள்வி வந்தது.

“எதால ஊத்தின?”

“அந்த பிளேன்டீ கிளாஸால.”

“நெறையவா?”

“கழுத்து வரைக்கும்.”

“ஒவ்வொரு நாளுமா? ஓடாத நாள்ல?”

“நீ எடுக்காத நாள்ல இறங்கல. அப்ப ஊத்தல.”

“நிக்கும்போது குடிக்கல,” என்றான் தனக்குள். “வேற? எப்பயாச்சும் கூட ஊத்தினியா?”

“ஹெந்தளைக்கு ஓடின மறுநாள். ரெண்டு கிளாஸ்.”

“புகை?”

“நீ அமத்தி வேகம் எடுக்கும்போது வரும். நீலமா. ஸ்டார்ட் பண்ணும்போது இல்ல.”

அவன் எழுந்து, கையைக் கழுவாமலேயே, சோற்றுக் கையோடு வெளியே போனான். தூறிக்கொண்டிருந்தது. தார்ப்பாயின் கீழ் ஸ்பானர் விழும் சத்தம் கேட்டது. அவள் வாசலில் நின்றாள். அவன் டேர்போவிலிருந்து போகும் ஒரு குழாயைக் கழற்றினான், விரலை உள்ளே விட்டுத் துழாவி வெளியே எடுத்தான். விரல் முழுக்கக் கறுப்பு. டேர்போவின் நடுத் தண்டைப் பிடித்து ஆட்டினான். அது ஆடியது. அவன் அதை மறுபடி ஆட்டினான், மறுபடியும்.

உள்ளே வந்தபோது அவன் முகம் வேறு மாதிரி இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக அந்த முகத்துக்குள் ஆள் இருந்தான்.

“டேர்போ சீல் தேஞ்சு போச்சு. வேகம் எடுக்கும்போது அதால ஒயில் போய் எரிஞ்சிருக்கு. ரிங்ல பிழை இல்ல.” ஒரு கணம் நிறுத்தினான். “நான் போட்ட ரிங்ல ஒரு பிழையும் இல்ல.”

“பெரிய வேலையா?”

“மொத கிழமையே சொல்லியிருந்தா ஒரு பின்னேரத்து வேலைம்மா.”

அவன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஜனாவிடம் தான் வந்து சொல்வதாக அவள் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். வேண்டாம், நான் ஊற்றினேன் என்றே இருக்கட்டும். அம்மா ஊற்றினாள் என்று தெரிந்தால் காலத்துக்கும் சிரிப்பார்கள், கள்ளன் என்று சொல்வது அதைவிட மேல் என்றான். பிறகு கறுத்த விரலைப் பார்த்துக்கொண்டு, பெரிதாக யோசிக்காதவன் போல, சூசைதாசனுக்கு இன்றைக்குப் பதில் போடப் போவதாகச் சொன்னான். தட்டிலிருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தான். அவள் இன்னும் கொஞ்சம் போட்டபோது வேண்டாம் என்று கையால் மறைத்தான்.

சாய்வு நாற்காலியிலிருந்து வேலுசாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கு யார்டுக்கு வருவானா மாட்டானா என்று கேட்டார், வழக்கம் போல ஜெயராணியிடம். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சொல்லி அனுப்புவதற்கு அவளிடம் தெம்பு மிச்சமில்லை.

“வரமாட்டேன்ப்பா,” என்றான் திலக்ஷன்.

வேலுசாமி மகனைப் பார்த்தார். தலையை மெல்ல அசைத்தார். வரமாட்டேன் என்பதற்கா, அப்பா என்று கூப்பிட்டதற்கா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் கூடைகளைக் கடையில் இறக்கிவிட்டு ஜெயராணி கொட்டாஞ்சேனைப் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. காலி ரோட்டோரமாக நடந்து ஜனாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் போனாள். ஆணி நிறுக்கிற பையன்கள், பெயின்ற் வாங்க வந்த சனம் என்று கடை நிறைந்திருந்தது. ஜனா கல்லாவுக்குப் பின்னால் இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். மரியாதை தெரிந்த பிள்ளை.

“இருங்கோ அன்ரி.”

அவள் இருக்கவில்லை. நின்றபடி, எல்லோருக்கும் கேட்கிற குரலில், மாதம் முழுக்க ஒயில் ஊற்றியது தான், திலக்ஷனுக்கு அது தெரியாது, அவன் வேலையில் பிழை இல்லை என்று சொன்னாள். பெயின்ற் வாங்க வந்த ஒரு பெண் சிரித்தாள். ஆணி நிறுக்கிற பையன் தராசை விட்டுவிட்டுப் பார்த்தான். ஜெயராணி சேலைத் தலைப்பால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு காத்து நின்றாள்.

ஜனா சிரிக்கவில்லை. மேசையிலிருந்த பேனையை எடுத்தான், வைத்தான்.

“ஏன் அன்ரி அப்பிடிச் செய்தனீங்கள்?”

“போயிருவான்னு பயந்தேன்.”

“இப்ப?”

“இப்ப போறான்,” என்றாள் ஜெயராணி. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள்.